கோவளத்தில் டச்சுக் கோட்டையா? யார் சொன்னா?

கோவளம் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் ஹோட்டலைப் பத்தி எந்தப் பயணக் கட்டுரையைத் திறந்தாலும் ரெண்டாவது வரியிலேயே இது வந்துடும்: பழைய டச்சுக் கோட்டை இடிபாட்டு மேல கட்டின ஹோட்டலாம். 1974ல் திறந்த ஹோட்டல். வருஷக்கணக்கா இதையே காப்பி-பேஸ்ட் பண்ணிக்கிட்டிருக்காங்க. நாங்க கோடு எழுதும்போது இப்படிப் பண்ணினா ரிவ்யூல கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. சரித்திரத்துக்கு மட்டும் ரிவ்யூ கிடையாது போல!

சரி, மேட்டருக்கு வருவோம்.

கோவளத்தில் 1720களில் கடை விரிச்சது ஆஸ்டெண்ட் கம்பெனி. ஆஸ்டெண்ட் இன்னிக்கு பெல்ஜியத்தில் இருக்கிற துறைமுகம். 1722ல் புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் சாசனம் கொடுத்த கம்பெனி இது. போட்டிக்கு ஆள் வந்தது பொறுக்காம ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் சேர்ந்து நெருக்க, 1731ல் இழுத்து மூடிட்டாங்க. ஆக, டச்சுக்காரன் இந்தக் கதையில் வில்லன், ஓனர் இல்லை. ஆஸ்டெண்ட் பேரைக் கேட்டுட்டு யாரோ டச்சுன்னு முடிவு கட்டியிருப்பாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அப்போ கோட்டை கட்டினது யாரு? ஆற்காடு நவாப் அன்வருதீன். ஆஸ்டெண்ட்காரங்க விட்டுப்போன இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே கட்டி, சாதத் பந்தர்னு பேர் வெச்சார். பந்தர்னா பாரசீகத்தில் துறைமுகம். இதை எழுதி வெச்சது கிளைவ் காலத்திலேயே மதராஸ் கவுன்சிலில் இருந்த ராபர்ட் ஓர்ம்.

1750ல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து நிக்குது. "ஸ்கர்வி நோயில் பாதிப்பேர் செத்துட்டோம், கரையில் இடம் கொடுங்க"ன்னு கெஞ்சறாங்க. கோட்டைத் தலைவர் இரக்கப்பட்டோ காசுக்கு ஆசைப்பட்டோ உள்ளே விடறார். ராத்திரி அந்த 'நோயாளிங்க' ஒளிச்சு வெச்ச ஆயுதத்தை எடுத்துக் கோட்டையைப் புடிச்சுட்டாங்க!

1752ல் கிளைவ் வர்றார். கூட கப்பலை விட்டு அப்போதான் இறங்கின 200 வெள்ளைக்காரப் புதுசுங்க, 500 சிப்பாய்ங்க. முதல் குண்டில் ஒருத்தன் செத்ததும் மீதிப்பேர் ஓட்டம். பீரங்கிச் சத்தத்தில் பயந்துபோன ஒரு காவலாளியை கிணத்துக்குள்ளேர்ந்து கண்டுபிடிச்சாங்களாம் :-) கடைசியில் கோவளம் விழுந்துச்சு, கையோட செங்கல்பட்டுக் கோட்டையும் விழுந்துச்சு. கோவளம் கோட்டையை வெடி வெச்சுத் தகர்த்தாங்க.

இவ்வளவு பெரிய சினிமாக் கதை கையில இருக்கு. அதை விட்டுட்டு "டச்சுக் கோட்டை"ன்னு ரெண்டு வார்த்தையில் முடிச்சா கடுப்பாகாதா?

"டச்சோ நவாப்போ, உனக்கென்னப்பா?"ன்னு கேப்பீங்க. இருக்கு சார். ஐரோப்பியன் பேர் ஒட்டினாத்தான் ஒரு இடத்துக்குப் 'பாரம்பரிய' அந்தஸ்துங்கிற புத்தி இருக்கே, அதுதான் பிரச்சினை. சென்னை கன்னிமாரா ஹோட்டலுக்கு 1886 முதல் 1890 வரை கவர்னரா இருந்த கன்னிமாரா பிரபு பேர். அது உண்மை, வெச்சுக்கட்டும், யாரும் சண்டைக்குப் போகலை. இங்கே நவாப் கட்டின கோட்டையையே டச்சுக்காரனுக்குத் தானம் பண்ணியாச்சு. கோவளத்து தர்காவுக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்க வர்றாங்க. ஆனா அந்த ஊருக்கு ஒரு நவாப் துறைமுகம் கட்டப் பார்த்தார்ங்கிற விஷயம் அந்த ஊர் பையனுக்கே தெரியாமப் போறது நியாயமா?

இதைவிடக் கொடுமை, நிஜமான டச்சுக் கோட்டை இதே கடற்கரையில், இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கு! மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் பக்கத்தில், சதுரங்கப்பட்டினம். டச்சு எழுத்து செதுக்கின கல்லறைகள், கிடங்கு, மதில் எல்லாம் தொல்லியல் துறை பாதுகாப்பில் நிக்குது. துணி வாங்கவும் ஏத்தவும் வந்தவங்க கட்டினது. ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் பறக்கிற கார்ல எத்தனை அந்தப்பக்கம் திரும்புது?

என் கோரிக்கை சிம்பிள். டச்சுன்னு சொல்றவங்க ஆதாரத்தைக் காட்டட்டும். இல்லேன்னா, சாதத் பந்தர்ங்கிற பேரைத் தமிழ்ல பெருசா எழுதி, ரூம் போடாதவனும் ரோட்ல நின்னு படிக்கிற மாதிரி ஒரு பலகை வைக்கட்டும். ஹோட்டல் வெச்சாலும் சரி, சுற்றுலாத்துறை வெச்சாலும் சரி.

பி.கு: கேரளாக் கோவளம்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிச்சுக்குங்க. அந்தக் குழப்பத்துக்குத் தனிப்பதிவே போடணும்!