டிக்கன்ஸின் ரகசியக் கடிதம் அம்பலமானது!

இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-ல் காதரினை மணந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். 1858-ல் கணவனும் மனைவியும் பிரிந்தனர்.

ஊர் வாயை மூட முடியுமா? ஓர் இளம் நடிகையுடன் அவரைச் சேர்த்து வதந்தி பரவியது.

பத்திரிகையுடன் மோதல்

டிக்கன்ஸ் கொதித்தார். தமது வார இதழில் மறுப்பு அறிக்கை வெளியிட்டார். "பஞ்ச்" பத்திரிகையும் அதை வெளியிடும் என்று எதிர்பார்த்தார். அது வெளியிடவில்லை. சிரிக்க வைக்கும் ஏட்டில் குடும்பத் தகராறுக்கு என்ன வேலை?

"பஞ்ச்" அதிபர்களே டிக்கன்ஸின் பதிப்பாளர்கள். அவர்களுடன் உறவை முறித்தார். 1859-ல் பழைய இதழை நிறுத்திவிட்டு, புதிய இதழ் நடத்தினார்.

கடிதத்தில் என்ன?

இதற்கு முன்பே நண்பர் ஆர்தர் ஸ்மித்திடம் டிக்கன்ஸ் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். மனைவிக்கு மனக்கோளாறு என்றும், பிள்ளைகளைக் கவனித்தவள் அவள் தங்கையே என்றும் அதில் எழுதியிருந்தார். தம்மைத் தவறாக நினைப்பவர்களுக்குக் காட்டலாம் என்று அனுமதியும் தந்திருந்தார்.

1858 ஆகஸ்டில் நியூயார்க் பத்திரிகை ஒன்று அதை அப்படியே அச்சிட்டது. வெளியிடும்படி தாம் சொல்லவில்லை என்று டிக்கன்ஸ் வருந்தினார். ஆனால், பிறருக்குக் காட்டக் கொடுத்த கடிதம் எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்?

மௌனம்

டிக்கன்ஸிடம் பேனா இருந்தது, பத்திரிகையும் இருந்தது. காதரினிடம் இரண்டும் இல்லை. அவள் பதில் அறிக்கை விடவில்லை.

1879-ல் காதரின் இறந்தாள். அதற்கு முன், கணவர் தனக்கு எழுதிய பழைய கடிதங்களை மகள் கேட்டிடம் ஒப்படைத்தாள். அவர் தன்னை ஒரு காலத்தில் நேசித்தார் என்பதை உலகம் அறிய வேண்டும் என்பதே அவள் ஆசை.