தேரியில் சக்கரங்கள்

மழை குறைந்த விருதுநகர் மாவட்டத்து ஊர் திருத்தங்கல். அங்கும் அருகிலுள்ள சிவகாசியிலும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வேரூன்றியதற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். வறட்சிக்கும் பயன் உண்டு என அப்பகுதி மக்கள் அறிவர். பாலைக்கும் திணை என்னும் தகுதி தந்து பாடியது சங்கத் தமிழ். ஆயினும், விளையாத நிலத்தைத் 'தரிசு' என ஒதுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஒதுக்கப்பட்ட நிலத்தில் எதுவும் செய்யலாம் என்னும் எண்ணம் அதைத் தொடர்ந்து வருகிறது. தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு அவ்வெண்ணத்திலிருந்து காக்கப்பட வேண்டிய நிலம்.

திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளில் பரந்துள்ள செம்மணல் மேடுகளே தேரி. மணல்துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்ததால் வந்தது அச்செந்நிறம். காற்று நெடுங்காலமாகக் குவித்த இம்மேடுகளில் தொல்மாந்தரின் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. சாய்னரும் ஆல்சினும் அவற்றை ஆராய்ந்து 1956இல் எழுதினர். இங்குப் பெய்யும் மழை வழிந்தோடாமல் மணலுக்குள் இறங்குகிறது. தேரியின் நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் உள்ள சுனை, வறண்ட மணலிடையேயும் நீர் உண்டு என்பதைக் காட்டுகிறது.

இம்மணலை நிறுத்தி வைப்பவை பனை, உடை, முந்திரி ஆகியவற்றின் வேர்களும் சிறு செடிகளுமே. பொழுதுபோக்காக மேடேறும் வண்டியின் சக்கரம் இளஞ்செடிகளை நசுக்குகிறது. வேர்ப்பிடிப்பு தளர்ந்த இடத்தில் காற்று மணலை அள்ளிச் செல்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அல்கோடோன்ஸ் மணற்குன்றுகளுக்கும் இச்சிக்கல் வந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் வடபகுதியில் ஏறத்தாழ 26,000 ஏக்கரை இயற்கைக் காப்பு நிலமாக்கி, மோட்டார் வண்டிகளுக்கு அடைத்தது. அங்கு நடந்து செல்லத் தடையில்லை. வண்டியோட்டிகளுக்குத் தென்பகுதியில் இடம் உண்டு.

தேரியை அடைத்தால் பனையேறிகளும் முருங்கை உழவர்களும் கோயிலுக்குச் செல்வோரும் இடர்ப்படுவரே எனலாம். அவ்வச்சம் நியாயமானது. அவர்கள் செல்லும் பாதைகள் திறந்தே இருக்க வேண்டும். மணல் மேடுகள் மட்டும் வண்டிகளுக்கு அடைக்கப்பட வேண்டும். குதிரைமொழித் தேரி ஏற்கெனவே காப்புக்காடாக உள்ளதால் இது புதிய சுமையன்று. காண விரும்புவோர் நடந்து சென்று காணட்டும். காலடித் தடத்தைக் காற்று ஒரே நாளில் அழித்துவிடும். வேரறுந்த செடி மீண்டும் முளைக்கப் பல மழைக்காலங்கள் வேண்டும்.