வீதியும் ஓரமும்

பாலாவிச் சந்தியிலே புத்தளப் பெருவீதியை விட்டுப் பிரிந்து செல்லும் கற்பிட்டி வீதி, ஒருபால் களப்பும் ஒருபால் கடலுமாகக் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தின் நடுவே ஓடுகிறது. கண்டக்குழியிலிருந்து நாம் எவ்வூருக்குச் செல்வதாயினும் இதனையே பற்றிச் செல்லல் வேண்டும். முன்னாளிலோ இந்நிலத்துக்கு நீரே வீதி. ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டு கற்பிட்டியிலே கோட்டை கட்டத் தொடங்கியது தரைவழியைக் காத்தற்கன்று. களப்பின் வாயிலைக் காத்தற்கேயாம். கொழும்பு முதல் புத்தளம் வரை கால்வாயும் களப்புமாய்த் தொடர்ந்த நீர்வழியிலே தோணிகள் பாரமேற்றிச் சென்றன. அந்நிலை மாறிவிட்டது. இன்று வெங்காயமும் மிளகாயும் லொறியிலே கொழும்புக்குச் செல்கின்றன. நுரைச்சோலையிலே 2011இல் இயங்கத் தொடங்கி, 2014இல் 900 மெகாவாட் அளவுக்கு நிறைவுற்ற அனல் மின்னிலையமும் இவ்வீதியை அடுத்தே உள்ளது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கி, ஓலைக் குடிசைகளைக் கல்வீடுகளாக்கி வாழ்வதும் இவ்வீதியின் மருங்கிலேதான். ஆதலின் வீதி வேண்டா என்று சொல்ல நான் எழுதுகோல் எடுத்தேனல்லேன். வீதி வேண்டா என்பார், நள்ளிரவிலே நோயாளி ஒருவரைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றறியாதவரே.

நான் கேட்பது வேறு. வீதி எங்கே முடிகிறது? தார் முடியும் இடத்திலா? வீதி அமைப்போர் கணக்கிலே கருங்கல்லுக்கும் தாருக்கும் தொகை உண்டு. ஓரம் என்பதோ எஞ்சிக் கிடக்கும் நிலம். அதனை முந்தியவர் எடுத்துக் கொள்கின்றனர்.

நம் முன்னோர் ஓரத்தை இவ்வாறு எண்ணினாரல்லர். தருமபுரிப் பகுதியிலே கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைப் பற்றி மாணவர்க்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வியப்புத் தோன்றும். நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்பதை எழுத்திலும் எண்ணிலும் பொறித்தவர்கள் அவ்வளவோடு அமைந்தாரல்லர். எழுத்தறியாதாரும் உணருமாறு, பத்துக்கு ஒரு பெருங்குழியும் ஒன்றுக்கு ஒரு சிறுகுழியுமாக, இரண்டு பெருங்குழிகளையும் ஒன்பது சிறுகுழிகளையும் அக்கல்லிலே குடைந்து வைத்தனர். கற்றோனும் கல்லாதானும் அக்கல்லின் முன்னே ஒப்ப நின்றனர். மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர், அவர் மறைந்து முந்நூறு ஆண்டு கழிந்தும் தென்பாண்டி நாட்டிலே சாலைப் பெயராக வழங்குவதற்கு, அவர் இட்ட வழியோடு நிழல் மரமும் சத்திரமும் அமைந்தமை காரணமாகும்.

ஈழத்துக்கே வருவோம். பருத்தித்துறையிலே தெருமூடிமடம் என்றொன்று உண்டு. தெருவின் இருமருங்கும் கற்றூண்களும் திண்ணைகளும் நிற்க, மேலே கூரை தெருவையே மூடியிருக்க, வண்டியும் ஆளும் அதனூடே செல்வர். வெயிலில் வந்தவன் தங்குமிடம் தேடி வழியை விட்டு விலக வேண்டியதில்லை, வழியே தங்குமிடம். யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களிலே சுமைதாங்கிக் கற்களையும் ஆவுரஞ்சிக் கற்களையும் இன்னும் காணலாம். பிறர் கைகொடாமலே தலைச்சுமையை இறக்கவும் ஏற்றவும் சுமைதாங்கி. தினவெடுத்த ஆடுமாடு உராய்ந்து கொள்ள ஆவுரஞ்சி. வயிற்றிலே பிள்ளையோடு இறந்த பெண்ணுக்காக அவள் சுற்றத்தார் சுமைதாங்கி நாட்டுவது வழக்கம். இறக்கப்படாத சுமையோடு போனாள் ஒருத்தி; அவள் பொருட்டு வழிப்போக்கர் சுமையிறக்கட்டும் என்ற நினைவு அது. ஓர் ஊரின் துயரம் பிறர்க்கு உதவியாய் வந்து நின்ற இடம் தெருவோரம் என்பதை நோக்குக.

சுமைதாங்கி இக்காலத்துக்கு எதற்கு என்று நண்பர் ஒருவர் என்னை வினவினார். அவர் மோட்டார் வண்டி உடையவர். சுமை ஒழிந்துவிட்டதா? காலை ஏழு மணிக்கு வீதிக்கு வந்து நோக்கினால் புத்தகப் பையின் பாரத்தால் முன்சாய்ந்து நடக்கும் சிறுபிள்ளைகளைக் காணலாம். தார் முடிந்த இடத்திலே மணல் தொடங்குகிறது. மணலிலே கால் புதைகிறதென்று பிள்ளை தாரிலே ஏறுகிறது. பின்னாலே லொறி வருகிறது. தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சு மாதத்திலும், மீண்டும் ஆடி ஆவணிப் பருவத்திலும் நேர்த்தி வைத்துக் கால்நடையாய் வரும் அடியார்க்கும் இதே நிலைதான். ஆசிரியனாகிய நான் பிள்ளைகளுக்கு வீதி ஒழுங்கு கற்பிக்கிறேன்; ஓரமாக நட என்கிறேன்; எந்த ஓரத்தில் என்று பிள்ளை கேட்டால் என்ன விடை சொல்வேன்?

ஓங்கில் பார்க்கவும் காற்றாடிப் பலகையிலே கடல்மேல் வழுக்கவும் வெளிநாட்டார் இக்கரைக்கு வரத்தொடங்கிய பின்னர், வீதியோர நிலத்துக்கு விலை ஏறியது. வேலிக்குப் பதில் மதில் எழுந்தது. விருந்தினர் வருவதால் எங்கள் இளைஞர் சிலர்க்குத் தொழிலும் கிடைத்துள்ளது; அதனை மறைத்தல் அறமன்று. ஆயினும் வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் வரைபடத்திலே ஏறாதவை, வழக்கத்தினாலே வழியானவை. கரைவலைப் பாட்டுக்குச் செல்வோரும் கருவாடு காயவிடும் பெண்களும் நடந்து நடந்தே அவற்றை உண்டாக்கினர். ஒழுங்கையின் வாயை மதில் மறித்தபின், அது இருந்தமைக்குச் சான்று கூற எந்த ஓலையும் இல்லை.

சான்றாக நிற்கக்கூடியது பெயர் ஒன்றே. அப்பெயருக்கும் இடர் வந்துள்ளது. தமிழ்ப் பண்டிதனுக்கு இஃது உள்ளூர வருத்தும் செய்தியாதலின் சற்று விரித்துரைப்பதை வாசகர் பொறுத்தருள்க. சிங்கள மொழி எம்மூர்ப் பெயரைக் ‘கண்டக்குளிய’ என்றும், பாலாவியைப் ‘பாலாவிய’ என்றும் தன் இயல்புக்கேற்ப வழங்குகிறது. அது குற்றமன்று, நாமும் பிற மொழிப் பெயர்களை நம் நாவுக்கிசையத் திரித்தவர்களே. குற்றம் எதுவெனில், பலகையின் தமிழ் வரியிலும் அத்திரிபையே தமிழெழுத்தாற் பெயர்த்தெழுதுவது. குழி ‘குளி’ ஆயிற்று. நாளை ஒருவர் வந்து, முத்துக்குளித்த இடமாதலின் இப்பெயர் பெற்றதென்று ஆராய்ச்சி எழுதுவார். சலாபத்திலிருந்து சிலாபம் வந்ததென்பர் ஆதலின், அவர் கூற்றை நம்புவாரும் உளராவர்! ஓர் எழுத்துப் பிழை ஒரு பொய் வரலாற்றை ஈன்றுவிடும்.

கற்பிட்டியிலே 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கை ஊர்களை அகரவரிசைப்படுத்திப் பெருநூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ‘தமிழ் புளூட்டாக்’ தந்த அப்பெரியார் அப்போது இருபத்தேழு வயதினர். அரச அலுவலைப் பார்த்துக் கொண்டே, நல்ல வீதியும் இல்லாத அக்காலத்தில் ஒருவர் தேடித் தொகுத்ததை, அவர் பிறந்த மண்ணின் வீதியோரத்திலே நாம் ஒரு பலகையிற்றானும் பிழையின்றி எழுதி வைக்கலாகாதா? 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழியே. சட்டத்திலே குறையில்லை. பலகை எழுதுவோன் தமிழறியான். அறிந்த நாமோ பலகை நாட்டிய பின்னரே வந்து நகைக்கிறோம்.

வேண்டுவன பெரியன அல்ல. வீதியைப் புதுக்கும்போது ஒரு மருங்கிலாவது நடப்போர்க்கென இறுகிய தரையில் ஐந்தடி விடுக. வேம்பும் பூவரசும் இம்மணலிலே வளர்வன. அகலிக்கும் காலத்திலே வெட்ட நேருமென்று அஞ்சி நடாதிருப்பதைவிட, அகலிப்புக்கு அப்பாலே நடுக. கடற்கரை ஒழுங்கை ஒவ்வொன்றின் வாயிலும் அதன் பெயரை எழுதி ஒரு கல் நாட்டுக. பெயரெழுதிய கல்லின் முன்னே மதில் எழுப்பக் கை கூசும்.

அப்பெயர்களைத் திரட்டித் தருதல் ஆசிரியர் கடன் என்று கருதி, என்னிடம் கற்கும் மாணவரிடம் அப்பணியை ஒப்புவித்தேன். ஒரே ஒழுங்கைக்கு மூன்று வீட்டார் மூன்று பெயர் சொன்னதும் உண்டு. மூன்றையும் எழுதிக் கொண்டோம். புளியடி என்றொரு பெயர் வந்தது. புளி எங்கே என்றேன். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, ஒருத்தியின் பாட்டனார் மட்டும், இப்போது தொலைபேசி அட்டை விற்கும் கடை நிற்கும் இடத்தைக் காட்டினாராம். ஏத்தாளை, நுரைச்சோலை, பாலாவிப் பக்கத்து ஆசிரிய நண்பர்களும் தத்தம் ஊர்ப் பெயர்களைத் திரட்டி அனுப்புவார்களாயின், புதிய பலகைகள் எழுதப்படுமுன் அனைத்தையும் ஒரே பட்டியலாகப் பிரதேச சபையிடம் சேர்ப்பிக்கலாம்.