ஆறுக்கு அப்புறம்

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் ஒரு பழைய துப்பறியும் படம். பெயர் வேண்டாம். அந்த ஹீரோவுக்கு இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்கள், எனக்கு வம்பு. பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வில்லன் ஆட்களைச் சுட்டுக்கொண்டே இருந்தார். கையில் ரிவால்வர். என் அக்கா பையன் முறுக்கு தின்றபடி எண்ணிக்கொண்டிருந்தான்.

''மாமா, பதினேழு ஆச்சு. அதுல எத்தனை குண்டு போடலாம்?''

''ஆறு.''

''அப்ப மீதி பதினொண்ணு?''

''புரொட்யூசர் செலவுடா.''

நான் பி.காம். ஆரம்ப இருப்பு ஆறு, கொள்முதல் இல்லை, விற்பனை மட்டும் பதினேழு என்று கணக்கு எழுதினால் ஆடிட்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். சினிமாவில் யாரும் ஏழாவது குண்டைப் பற்றிக் கேட்பதில்லை. அமெரிக்காவில் ரிவால்வரை இடுப்பில் மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனவர்களுக்கோ ரொம்ப காலம் அதுதான் கவலை.

கௌபாய் படங்களில் வருமே, 1873-ம் வருஷத்து கோல்ட், அதில் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து, காலிக் கூட்டை ஒரு கம்பியால் தள்ளி, சிலிண்டரைத் திருப்பி, அடுத்ததைத் தள்ளி... ஆறும் வெளியே போனபின் ஆறையும் ஒவ்வொன்றாக உள்ளே போட வேண்டும். எதிராளி அதுவரை வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தால் உத்தமம். 1889-ல் கோல்ட் கம்பெனி, சிலிண்டர் மொத்தமாகப் பக்கவாட்டில் வெளியே வருகிற மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. இன்றைக்கு ரிவால்வர் என்றால் பெரும்பாலும் அந்தக் குடும்பம்தான்.

அதை எப்படி நிரப்ப வேண்டும் என்பதில் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. தாழ்ப்பாளைத் தள்ளி சிலிண்டரை வெளியே கொண்டுவந்ததும் குழாயை வானத்தைப் பார்க்க நிமிர்த்த வேண்டும். உள்ளங்கையால் கம்பியில் ஒரே அடி. காலிக் கூடுகள் தங்கள் எடையிலேயே கொட்டிவிடும். குழாயைச் சாய்த்து வைத்துக்கொண்டு மெதுவாக அமுக்கினால் ஒரு கூடு நட்சத்திரம் மாதிரி இருக்கிற தகட்டுக்கு அடியில் புகுந்துகொள்ளும். சிலிண்டர் மூடாது. அப்புறம் நகத்தால் நோண்ட வேண்டியதுதான். காலியானதும் குழாயைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் புதுத் தோட்டாக்களை விட வேண்டும். கடைசியாக, கையால் அமுக்கி மூட வேண்டும். ஹீரோ செய்வது போல மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி 'டக்'கென்று மூடினால் சிலிண்டரைத் தாங்குகிற கை நாளாவட்டத்தில் வளைந்துவிடும். துப்பாக்கி மெக்கானிக்குகளுக்கு அந்த வெட்டைப் பார்த்தாலே ரத்தக்கொதிப்பு ஏறும்.

இதெல்லாம் வீட்டு மேஜையில் சுலபம்.

1970 ஏப்ரல் 5, நள்ளிரவு நெருங்கும் நேரம். கலிபோர்னியாவில் நியூஹால் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு பெட்ரோல் பங்க் வாசலில், நெடுஞ்சாலை போலீஸார் இரண்டு பேர் ஒரு காரை நிறுத்தினார்கள். உள்ளே இருந்த இருவரும் பழைய குற்றவாளிகள். முதல் சில விநாடிகளிலேயே போலீஸார் இருவரும் போய்விட்டார்கள். உதவிக்கு இன்னும் இருவர் வந்தார்கள். அதில் ஒருவர் தன் ரிவால்வரின் ஆறு குண்டுகளையும் சுட்டு முடித்துவிட்டார். காயம் வேறு. பெல்ட்டில் ஒரு தோல் பை, அதன் மூடியைத் திறந்தால் தோட்டாக்கள் கையில் கொட்டும். அதிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டார். போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவன் நடந்து வந்து, கிட்டத்தில் நின்று, தலையில் சுட்டுவிட்டான்.

வேலைக்குப் போகிற வழியில் இதைப் பார்த்த ஒருவர், பழைய ராணுவ வீரர், காரை நிறுத்திவிட்டு ஓடினார். கீழே கிடந்த ஷாட்கன்னை எடுத்தார். காலி. விழுந்து கிடந்த போலீஸ்காரரின் ரிவால்வரை எடுத்து ஒரு தடவை சுட்டார். கொலைகாரன் மேல் பட்டது. மறுபடி அழுத்தினார். காலி. ஓடி ஒளிவதைத் தவிர வேறு வழியில்லை.

நாலு போலீஸாருக்கும் வயது 23, 24. எல்லாம் முடிய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. செத்தவர் பாக்கெட்டில் காலிக் கூடுகள் இருந்தன, பயிற்சி மைதானத்தில் பொறுக்கிப் பழகிய பழக்கம் என்று பல வருஷம் ஒரு கதை சொன்னார்கள். கேஸ் காகிதங்களைப் பின்னால் புரட்டியவர்கள் அது சரியில்லை என்கிறார்கள். தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட்டதுதான் நிஜம்.

எனக்கு வயிற்றைப் பிசைந்த விஷயம் வேறு. ஆறையும் ஒரே சமயத்தில் போடுகிற கருவிக்கு இங்கிலாந்தில் 1893-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். 1917-ல் அமெரிக்க ராணுவம் மூன்று மூன்று தோட்டாக்களை அரைவட்டத் தகட்டில் செருகிக் கொடுத்தது. கண்டுபிடித்து முக்கால் நூற்றாண்டு ஆகியும் அது அந்தப் பையனுடைய பெல்ட்டில் இல்லை. நியூஹாலுக்குப் பிறகுதான் அந்த இலாகா 'ஸ்பீடு லோடர்' வாங்கிக் கொடுத்தது.

பார்க்க அற்ப சமாசாரம். பம்பரம் அளவுக்கு வட்டமாக ஒன்று, அதில் ஆறு தோட்டா தொங்கும். சிலிண்டரில் பொருத்தி, ஒரு வகையில் குமிழைத் திருக வேண்டும், இன்னொரு வகையில் அமுக்கினால் போதும். ஆறும் இறங்கிவிடும். சட்டைப் பாக்கெட்டில் உப்பலாகத் தெரியக் கூடாது என்பவர்களுக்கு ரப்பர் பட்டை இருக்கிறது, இரண்டிரண்டாகப் போடலாம், நேரம் கூட ஆகும். இதிலும் ஒரு வில்லங்கம். கைப்பிடி மரம் அகலமாக இருந்தால் லோடர் இடிக்கும், இடது பக்கத்தைச் சீவ வேண்டும். யாராவது முன்னாலேயே போட்டுப் பார்த்தால்தானே தெரியும்!

ஜெர்ரி மிக்குலெக் என்ற அமெரிக்கர் 1999-ல் முழுவட்டத் தகட்டை வைத்து ஆறு சுட்டு, நிரப்பி, மறுபடி ஆறு சுட்டார். மொத்தம் 2.99 விநாடி. நாம் கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம். ஆனால் அவரை யாரும் திருப்பிச் சுடவில்லை. நியூயார்க் போலீஸில், கொள்ளைக்காரர்களுக்காகக் கடைகளின் உள்ளே காத்திருந்த ஒரு பிரிவு இருந்தது. அதில் பேர் வாங்கிய ஜிம் சிரில்லோ போன்றவர்களின் வழி வேறு: நிரப்பாதே, இரண்டாவது ரிவால்வரை எடு. இதற்கு 'நியூயார்க் ரீலோட்' என்று கௌரவமாகப் பெயர் வேறு. கலிபோர்னியாக்காரர்கள் 1990-ல் ரிவால்வரையே தலைமுழுகிவிட்டுப் பிஸ்டலுக்குப் போனார்கள்.

பையனுக்கு நியூஹால் கதையைச் சொன்னேன். முறுக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

''ஆறு குண்டு போட அவ்வளவு நேரமா ஆகும் மாமா? நீங்கன்னா எவ்வளவு நேரத்துல போடுவீங்க?''

''பழகினா அஞ்சாறு செகண்டுடா'' என்றேன், ஏதோ தினமும் போடுகிறவன் மாதிரி.

அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போயிற்று. டார்ச் இருக்கிறது, பேட்டரி தனியாக இருக்கிறது. இருட்டில் மூடியைத் திருகினேன். ஒரு பேட்டரி உள்ளே போயிற்று, தலைகீழாக. எடுத்துத் திருப்பிப் போடுவதற்குள் இரண்டாவது உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. நான் தரையில் படுத்துத் துழாவிக்கொண்டிருக்கிறேன், இருட்டுக்குள்ளிருந்து நிதானமாகக் குரல் வருகிறது:

''இருபத்தாறு... இருபத்தேழு... இருபத்தெட்டு, மாமா.''