பசுத்தோல் போர்த்திய பென்ஸ்

கார் என்றாலே அது ஆண்களின் பேச்சு என்று நம்மில் பலர் எழும்பிக் குசினிக்குள் போய்விடுகிறோம். ஆனால் காரை வாங்குவது வீட்டுப் பணம். அது கராஜில் கிடந்தால் கரைவதும் அதே வீட்டுப் பணம்தான். அதிலும், "இது அபூர்வமான வண்டி, உலகத்திலேயே இத்தனைதான் செய்திருக்கிறார்கள், விலை ஏறுமே தவிர இறங்காது" என்று கணவரோ மகனோ பேசத் தொடங்கினால், சகோதரிகளே, அந்த இடத்தைவிட்டு எழும்பாதீர்கள். உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். எப்போது செய்தது? எத்தனை செய்தார்கள்? வைத்துப் பராமரிக்க என்ன செலவு?

பழைய வண்டிப் பிரியர்கள் உயிரை விடும் ஒரு காரை வைத்தே இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் பார்ப்போம். அதன் பெயர் மெர்சிடிஸ் பென்ஸ் 500 இ.

பெயரைக் கேட்டதும் ஏதோ விமானம் போன்ற வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். 1980களின் நடுப்பகுதியில் வெளிவந்த '124' வகை பென்ஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொழும்பு வீதிகளிலும் ஓடியதுதான். நான்கு கதவு, பெட்டி போன்ற உருவம், அமைதியான முகம். அந்த வகையில் இருபது இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் உலகமெங்கும் விற்றன. ஜேர்மனியில் டக்சியாக ஓடியதும் அதுதான். 500 இ என்பது அதே டக்சியின் உடன்பிறப்பு. தூரத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பானெட்டைத் திறந்தால்தான் சங்கதி விளங்கும். உள்ளே இருப்பது 5 லீட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டரும் கொண்ட எஞ்சின். 326 குதிரை வலு. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை ஆறு விநாடி அளவில் எட்டிவிடும். 250 கிலோமீற்றருக்கு மேல் போகாதபடி கம்பனியே கட்டுப்பாடு வைத்துவிட்டது. இப்படிப்பட்ட வண்டியை ஜேர்மன்காரர்கள் 'ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய்' என்பார்கள். நமக்கு அது பசுத்தோல் போர்த்திய புலி.

இந்தக் கார் பிறந்த கதையில் எனக்குப் பிடித்தது அதன் வேகமல்ல, அது அலைந்த அலைச்சல்.

1988இல் இந்தக் காரை வடிவமைத்துத் தரும்படி பென்ஸ் கம்பனி போர்ஷே கம்பனியிடம் பொறுப்பைக் கொடுத்தது. இரண்டுமே ஸ்டுட்கார்ட் நகரத்தை ஒட்டியவை. அயல் வீட்டார் மாதிரி. பெரிய எஞ்சினுக்கும் அகலமான சில்லுகளுக்கும் ஏற்றவாறு முன்னும் பின்னும் மட்கார்ட்டை வெளியே தள்ளி அகலமாக்கினார்கள். அங்கேதான் சிக்கல். அகலமான இந்த உடல் ஸிண்டல்ஃபிங்கனிலுள்ள பென்ஸ் தொழிற்சாலையின் வழமையான தயாரிப்பு வரிசைக்குள் நுழையவில்லை! இலட்சக்கணக்கில் கார் செய்யும் தொழிற்சாலையை இதற்காக உடைத்துக் கட்ட முடியுமா?

அதே நேரத்தில் போர்ஷேக்குப் போதாத காலம். 1980களின் நடுவில் ஆண்டுக்கு 50,000 கார் விற்ற கம்பனி அது. 1993 அளவில் விற்பனை 15,000க்கும் கீழே விழுந்துவிட்டது. கைவேலை தெரிந்த தொழிலாளர் இருந்தார்கள், கட்டடம் இருந்தது, வேலைதான் போதவில்லை. எனவே காரை வடிவமைத்த போர்ஷேயே அதைச் செய்தும் தருவதென்று முடிவாயிற்று. வேலையில்லாத வீட்டில் அடுப்பு எரிவது எவ்வளவு சிரமம் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்த நெருக்கடியான வருடங்களில் கைகொடுத்த வேலைகளில் இந்த பென்ஸும் ஒன்று.

இனி அலைச்சலைக் கேளுங்கள். உடலுக்கான தகட்டுப் பாகங்கள் ஸிண்டல்ஃபிங்கனிலிருந்து ஸூஃபன்ஹௌசனிலுள்ள போர்ஷே தொழிற்சாலைக்குப் போகும். அங்கே அகன்ற மட்கார்ட்டுகளைக் கையாலே பொருத்தி உடலை முடிப்பார்கள். பிறகு அந்த உடல் நிறம் பூசுவதற்குத் திரும்பவும் ஸிண்டல்ஃபிங்கன் வரும். நிறம் காய்ந்ததும் எஞ்சினும் ஆசனங்களும் பூட்டுவதற்கு மறுபடி போர்ஷேக்குப் போகும். எல்லாம் முடிந்தபின் கடைசிப் பரிசோதனைக்கும் விநியோகத்துக்கும் மீண்டும் பென்ஸுக்கு. ஒரு கார் முடிய 18 நாட்கள் பிடித்தன. கல்யாண வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குமிடையே சீர்த்தட்டு போய்வந்த கணக்குத்தான்.

1990 ஒக்டோபரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் இது மக்கள் பார்வைக்கு வந்தது. வாடிக்கையாளருக்கான தயாரிப்பு 1991 தொடக்கத்தில் ஆரம்பித்து 1995 வசந்த காலத்தில் முடிந்தது. மொத்தம் 10,479 கார்கள். இடையில், 1993 நடுப்பகுதியில் பெயர் 'இ 500' என்று திரும்பிக்கொண்டது. முதலில் 'இ' என்ற எழுத்து எஞ்சினுக்குள் பெற்றோலைப் பீச்சும் முறையைக் குறித்தது. பிறகு அது வண்டியின் வகுப்பைக் குறிக்கும் எழுத்தாகி முன்னே போய் நின்றது. பெயர் புரண்டாலும் வண்டி ஒன்றுதான். கடைசிக் காலத்தில் 'லிமிட்டட்' என்று தனிப் பெயரில் 500 கார்கள் மட்டும் செய்தார்கள்.

பத்தாயிரத்துச் சொச்சம் அபூர்வமா என்று கேட்பீர்கள். இருபது இலட்சத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இருநூறுக்கு ஒன்றுதான். ஆனால் எண்ணிக்கை குறைந்த எல்லாமே மதிப்புள்ளதாகிவிடாது. யாரும் வாங்காததால் குறைவாகச் செய்யப்பட்ட வண்டிகளும் உலகத்தில் நிறைய உண்டு. 500 இ குறைவானதற்குக் காரணம் அதன் செய்முறையும் விலையும். வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 1,35,000 ஜேர்மன் மார்க். இவ்வளவு கொடுத்தாலும் நாலு பேர்தான் உட்காரலாம். பின்னாசனத்தில் நடுவே இடமில்லை. மூன்று பிள்ளைகளுள்ள தாய் இதை முதலிலேயே கவனித்திருப்பாள், கார்ப் பத்திரிகைக்காரர்கள் அதைக் கடைசி வரியில்தான் எழுதுவார்கள்.

இப்போது பராமரிப்பு. அபூர்வம் என்ற சொல்லின் மறுபக்கம் இதுதான். ஒரு காலத்தில் இந்தக் கார்கள் பழசாகி விலை இறங்கியபோது, பென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்கள் பலர். வாங்கும் விலைதான் இறங்கியிருந்தது. பழுதுபார்க்கும் விலை புதுக்காரின் விலைக்கேற்றபடியே நின்றது.

முதல் வில்லன் வயரிங். 1990களின் முற்பகுதியில் பென்ஸ் கார்களின் எஞ்சின் வயர்களுக்கு, சுற்றாடலுக்குக் கேடில்லாமல் மக்கிப்போகும் உறையைப் பயன்படுத்தினார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் குப்பைமேட்டில் மக்கவேண்டிய உறை எஞ்சின் சூட்டில் காருக்குள்ளேயே மக்கத் தொடங்கியது. உறை காய்ந்து, பழைய முறுக்குப் போல நொறுங்கிக் கொட்டும். உள்ளேயிருக்கும் செப்புக் கம்பிகள் ஒன்றோடொன்று முட்டும். கார் திணறும், நிற்கும். அதைவிட மோசம், விலையுயர்ந்த மின்னணுப் பெட்டிகளையும் எரித்துவிடும். எக்ஸிலேட்டரை இயக்கும் மின்கருவிக்குள்ளும் இதே வயர்தான். பிளாஸ்டர் சுற்றி இதைச் சமாளிக்க முடியாது. வயர்க் கட்டை முழுதாக மாற்றவேண்டும். ஏற்கெனவே மாற்றப்பட்ட வண்டியா, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். "வயரிங் எல்லாம் நல்லம்" என்ற வாய்வார்த்தை போதாது.

அடுத்தது எஞ்சினின் மேல்மூடிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் இணைப்புகள். மேலே சுழலும் தண்டுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய்களை இவை பிடித்திருக்கின்றன. வருடக்கணக்கான சூட்டில் இவை வெடித்தால் எண்ணெய் போகவேண்டிய இடத்துக்குப் போகாது. டிக் டிக் என்று சத்தம் கேட்கும். இணைப்பின் விலை அற்பம். அதைக் கவனிக்காமல் ஓடித் தேய்ந்துபோகும் தண்டின் விலை அற்பமல்ல. நேரஞ்சங்கிலி ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளங்களும் அப்படித்தான். மூடியைத் திறக்கும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிடுவது புத்தி. தையல் பிரித்த உடுப்பில் மற்றத் தையலையும் பார்ப்பதில்லையா, அதுபோல.

ஏ.சி. பழுதானால் இன்னொரு தலையிடி. குளிரூட்டும் பெட்டி டாஷ்போர்டுக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. அது ஒழுகினால் முன்பக்கம் முழுவதையும் கழற்றவேண்டும். பாகத்துக்குக் கொடுப்பதைவிடக் கூலிக்குக் கொடுப்பது அதிகமாகிவிடும். பின்பக்கம் பாரத்துக்கேற்ப உயரத்தைச் சரிசெய்ய எண்ணெயும் வாயுவும் நிரம்பிய குண்டுகள் உண்டு. அவை செத்தால் பின்சில்லுகள் மாட்டுவண்டிபோல் குலுக்கும். ஒருமுறை எஞ்சின் ஒயில் மாற்றுவதற்கே 8 லீட்டர் வேண்டும். பெற்றோல் தாங்கி 90 லீட்டர் கொள்ளும். அதை நிரப்பும் நாளில் வீட்டுச் செலவுக் கொப்பியைத் திறக்காமலிருப்பது நல்லது.

இத்தனைக்கும் ஓர் ஆறுதல் உண்டு. கதவு, கண்ணாடி, உள்பாகங்கள் என்று பலவும் சாதாரண 124க்கும் இதற்கும் பொதுவானவை. எஞ்சின்கூட அந்தக் காலப் பெரிய பென்ஸ்களில் வந்த அதே குடும்பம். அதனால் உதிரிப்பாகம் அடியோடு கிடைக்காத வண்டியல்ல. கையைச் சுடுவது இதற்கென்றே தனியாகச் செய்த பாகங்கள். அந்த அகன்ற மட்கார்ட் நசுங்கினால் டக்சி பென்ஸின் மட்கார்ட்டைக் கொண்டுவந்து பூட்டமுடியாது.

இங்கேதான் மோசடிக்கும் வழி திறக்கிறது. சாதாரண 124 ஒன்றுக்கு அகன்ற மட்கார்ட்டும் பின்னால் 500 என்ற எழுத்தும் ஒட்டி அபூர்வ வண்டி என்று விற்றுவிடலாம். ஒட்டிய எழுத்தை நம்பவேண்டாம், செஸி இலக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் விற்ற உண்மையான 500 இ காரின் செஸி இலக்கத்தில் 124036 என்ற ஆறு எண்கள் சேர்ந்து வரும். இதன் தம்பியான 400 இ காரில் அது 124034. வண்டியில் பொறித்த இலக்கமும் பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். இதைப் பார்க்க மெக்கானிக் வேலை தெரியவேண்டியதில்லை. மாதச் சாமான் பட்டியலை வரி வரியாகச் சரிபார்க்கும் கண்ணே போதும்.

அதோடு ரசீதுகளை வருட வரிசையில் அடுக்கிப் பாருங்கள். நடுவில் நாலைந்து வருடம் ஒன்றுமே இல்லையென்றால் வண்டி சும்மா நின்றிருக்கிறது என்று அர்த்தம். ஓடித் தேய்ந்த காரைவிட நின்று கெட்ட கார் மோசம். ரப்பர் காய்ந்திருக்கும், பிரேக் இறுகியிருக்கும், ரயர் பார்வைக்குப் புதிதாக இருந்தும் வெடித்திருக்கும். தூக்கி வைக்கும் ஜக் புள்ளிகளிலும் முன் கண்ணாடிக்குக் கீழேயும் துரு பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பார்க்கப் போவதென்றால் காலையில் போகச் சொல்லுங்கள். நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். இந்த எஞ்சினுக்குத் தீப்பொறி பகிரும் மூடிகள் இரண்டு. அவற்றுக்குள் ஈரம் இறங்கியிருந்தால் குளிர்ந்த எஞ்சின் எட்டுக் காலில் ஓடாமல் ஆறு காலில் நொண்டும். அந்த டிக் டிக் சத்தமும் அப்போதுதான் காதில் விழும். போய்ச் சேரும்போது பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால், ஏன் என்று கேட்டுவிட்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பி வாருங்கள்.