படலைப் பூட்டும் வேலிப் பொட்டும்

படலையைப் பூட்டிவிட்டால் எவரும் உள்ளே வரமாட்டார் என்று எண்ணுபவன் யாழ்ப்பாணத்து வேலியை அறியாதவன். படலை பூட்டியிருந்தால் வேலியிலே பொட்டு இருக்கும். பொட்டை அடைத்தால் பின் ஒழுங்கை இருக்கும். இச்சிறு உண்மையைக் கொழும்பில் ஆட்சிபுரிந்தவர்கள், கட்சி மாறியபோதும் ஆள் மாறியபோதும், உணர்ந்ததாகத் தெரியவில்லை.

2007 ஜூன் மாதத்தில் தமிழ்நெற் இணையத்தளம் இந்நாட்டில் தடுக்கப்பட்டது. 2011 ஆம் ஆண்டின் இறுதியில் வேறு பல செய்தித் தளங்களும் அக்கதியையே அடைந்தன. 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல் கட்டவிழ்த்துவிடப்பட்டபோது, பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியன ஒரு வாரத்துக்கு மூடப்பட்டன. 2019 ஏப்ரல் 21 இல், உயிர்த்த ஞாயிறன்று, குண்டுகள் வெடித்ததும் அதே பூட்டு மீண்டும் தொங்கியது. 2022 ஏப்ரல் 3 இல், எரிவாயுவும் மண்ணெண்ணெயும் இன்றித் தவித்த மக்கள் தெருவுக்கு வருவதைத் தடுக்க, அதே பூட்டு மறுபடியும் எடுக்கப்பட்டது.

அன்று நிகழ்ந்த வேடிக்கையைச் சொல்லாமலிருக்க இயலாது. அமைச்சராக இருந்த திரு. நாமல் ராஜபக்ச அவர்களே, வி.பி.என். இருக்கும்வரை இத்தகைய தடை பயனற்றது என்றும், தாமும் அப்பொழுது அதனையே பயன்படுத்துவதாகவும் பகிரங்கமாக எழுதினார். பூட்டிய அரசாங்கத்தின் அமைச்சரே பொட்டு வழியாக வந்து நின்றார்! பூட்டு ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

செய்தியை மறித்தால் மக்கள் அதைத் தேடிச் செல்வர் என்பதற்கு இக்குடாநாட்டைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடை இறுக்கப்பட்டபோது, வானொலிக்கு இடும் பற்றரிகூட இங்கே தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. அப்பொழுது நம்மவர் செய்ததென்ன? சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து வானொலி கேட்டனர். அச்சுக் காகிதம் இல்லாதபோது கோடிட்ட கொப்பித் தாளிலே பத்திரிகை வெளிவந்தது. மிதித்த கால் நமது. சுழன்ற சில்லும் நமது. ஆகவே அதில் ஏமாற்றம் இருக்கவில்லை.

இன்றைய பொட்டு அத்தகையதன்று. இதை வெட்டித் தருபவன் யார் என்பதை நாம் கேட்பதில்லை. நாம் இன்று அழுத்திச் சொல்ல விரும்புவது இதுவே.

வி.பி.என். என்பது யாது? தபாற் கந்தோரில் கடிதங்களைத் தணிக்கை செய்யும் காலம் ஒன்றை எண்ணிப்பாருங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தை வேறோர் உறைக்குள் இட்டு ஒட்டி, சிங்கப்பூரிலுள்ள ஒருவருக்கு அனுப்புகிறீர்கள். அவர் மேலுறையைப் பிரித்து, உள்ளிருப்பதை உரிய இடத்துக்குச் சேர்ப்பிக்கிறார். மறுமொழியையும் அவ்வாறே அனுப்புகிறார். இங்குள்ள தபாற்காரர் காண்பது சிங்கப்பூர் முகவரியை மட்டுமே. உங்கள் தொலைபேசிக் கொம்பனி தடுக்கவேண்டிய தளத்தின் பெயரைக் காணமுடியாமற் போவது இப்படித்தான்.

ஆயின், சிங்கப்பூரில் இருப்பவர் அனைத்தையும் காண்கிறார். எந்தத் தளத்துக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் சென்றீர்கள் என்பது அவர் கைக்குப் போய்விடுகிறது. உங்கள் நம்பிக்கை அழிந்துவிடவில்லை. கொழும்புக் கொம்பனியிடமிருந்து முகமறியாத ஒருவரிடம் இடம்மாறியிருக்கிறது. அவர் காசும் கேட்பதில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. இந்த மாட்டைப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும்.

பார்த்தவர்கள் கண்டது என்ன? அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வாளர்களும் அவர்களுடன் சேர்ந்தோரும் 2016 இல் அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கான 283 வி.பி.என். செயலிகளை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 38 இல் தீங்கு விளைக்கும் நிரல்களின் அறிகுறி தென்பட்டது. நூற்றுக்கு 18 தகவலை மறையாக்கம் செய்யவேயில்லை. மேலுறையே இல்லாத கடிதம்! பேஸ்புக் நிறுவனம் 2013 இல் வாங்கிய ஒனாவோ என்னும் செயலி, உங்கள் தகவலைக் காப்பேன் என்று சொல்லிக்கொண்டே, அத்தகவலைத் தன் எசமானின் வியாபாரத்துக்குச் சேகரித்தது. அதற்காக 2023 இல் அவுஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. ஹோலா என்னும் இலவசச் சேவையோ, தன்னைப் பாவித்தவர்களின் இணைப்புகளையே பிறருக்கு விற்றுவந்தது என்பது 2015 இல் அம்பலமாயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

இதன் பொருளை நம் பெற்றோர் சிந்திக்கவேண்டும். முகமறியாத ஒருவன் எங்கோ இருந்து செய்யும் குற்றம், கோப்பாயிலோ சாவகச்சேரியிலோ உள்ள ஓர் இளைஞனின் இணைப்பிலிருந்து சென்றதாகப் பதிவாகலாம். 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், குற்றப்பத்திரமின்றியே ஆண்டுக்கணக்காக இளைஞர் மறியலில் வாடிய மண் இது. இங்கே அத்தகைய பதிவு சிறு விஷயமன்று.

ஆகவே, பொட்டால் போகவேண்டி நேர்ந்தால் விழிப்போடு போங்கள். தடை வந்த இரவில், அவசரத்தில், விளம்பரம் காட்டிய முதற் செயலியை ஏற்றாதீர்கள். யார் நடத்துகிறார், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முன்னதாகவே விசாரியுங்கள். செய்தி பார்க்க வேண்டிய செயலிக்கு உங்கள் தொடர்பு இலக்கங்களும் படங்களும் எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்; வங்கிக் கணக்கை அவ்வழியே திறவாதீர்கள். தோர் என்னும் கருவி, இலாபம் நாடாத அமைப்பொன்றால் பேணப்படுவது. அது செய்தியை மூன்று கைகள் வழியாகக் கடத்துகிறது; அனுப்பியவரையும் சேருமிடத்தையும் ஒருங்கே அறிபவர் அவர்களுள் எவருமில்லை. வேகம் குறைவுதான். ஆனால் தன் பெயரில் கணக்கைத் திறந்தவனை அதனாலும் மறைக்க முடியாது. முகம் மறைந்திருக்கிறது என்ற துணிவில் வதந்தியும் அவதூறும் பரப்புவோருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

வதந்தியைத் தடுக்கவே பூட்டுகிறோம் என்பது அரசாங்கங்களின் வாதம். 2018 இல் வெறுப்புப் பிரசாரம் இணையத்தில் பரவியது மெய். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தீ மூட்ட வந்தவனுக்கு வி.பி.என். தெரியும். தெரியாதவர் யார்? தம்புள்ளைக்கு லொறி ஏற்றுமுன் வெங்காய விலையை வட்ஸ்அப்பில் விசாரிக்கும் கமக்காரர். கனடாவிலுள்ள மகனின் குரலுக்காகக் காத்திருக்கும் தாய். பூட்டு இவர்களைத்தான் வெளியே நிறுத்துகிறது. வதந்தியை மறுக்கும் உண்மையும் இவர்களோடு வெளியே நிற்கிறது.

அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது. 2015 இன் 19 ஆவது திருத்தம் தகவலறியும் உரிமையையும் சேர்த்தது. இவ்வுரிமைகளைப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குச் செல்லும் ஒரு வேண்டுகோளால் நிறுத்திவைக்கலாமா? 2022 இல் நடந்தது அதுவே. 2024 ஜனவரியில் 108 வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, இணைய இடங்களை அணுகமுடியாதவாறு செய்யவும் வழிவகுத்தது. பெயர் காப்பு, காக்கப்படுவோர் யார் என்பதே கேள்வி.

நமது கோரிக்கை எளியது. ஒரு தளத்தை மூடவேண்டுமெனில் நீதிமன்றத்தின் முன் காரணம் காட்டுக. கட்டளையை மூன்று மொழிகளிலும் வெளியிடுக. எத்தனை நாள் என்பதையும் கூறுக. பாதிக்கப்பட்டவர் வாதாட இடமளிக்குக. இவற்றைச் செய்ய மனமில்லாத அரசாங்கம், செய்தியை மறைக்கவில்லை. தன் குடிகளைப் பிடித்து முகமறியாத வியாபாரிகளிடம் ஒப்படைக்கிறது.

படலையைத் திறந்து வையுங்கள். பொட்டுக்கு வேலை இராது.