உள்பக்கம் ஒட்டக் கூடாதா, அக்கா?

2020 ஜூனில் சென்னையில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் கணக்கு எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கையில் ஒரு வெப்பமானி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு படிவம். எங்களைக் கண்டதுமே கதவுகள் சாத்திக்கொள்ளும். "இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். உள்ளே யாரோ இருமலை விழுங்குவதும் கேட்கும்.

அவர்கள் பயந்தது வைரஸுக்கு மட்டும் இல்லை, தகரத்துக்கும்தான். தொற்று உறுதியானால் வாசலில் ஸ்டிக்கர், சில இடங்களில் தகரத் தடுப்பு. ஒரு வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டப் போனபோது, கைக்குழந்தையோடு நின்ற பெண் மெதுவாகக் கேட்டாள்: "இதை உள்பக்கம் ஒட்டக் கூடாதா, அக்கா?" வெளியில் ஒட்ட வேண்டும் என்பது உத்தரவு. ஒட்டினேன். மறுநாளிலிருந்து தண்ணி கேன் போடும் பையன் அந்த வாசலில் நிற்கவில்லை. தனிமைக் காலம் முடிந்து ஸ்டிக்கரைக் கிழித்த பிறகும், பக்கத்து வீட்டுக்காரி பேச இரண்டு மாதம் ஆயிற்றாம். அந்தக் கைக்குழந்தைக்காரியே பின்னால் சொன்னாள்.

விலகி நிற்பதற்கு நமக்குக் கிடைத்த சொல்லைப் பாருங்கள்: 'சமூக இடைவெளி'. தீட்டுப் பார்த்துப் பழகிய மண்ணில் இதைவிடக் கெட்ட சொல் கிடைக்குமா? உடலளவில் விலகினால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லை மாற்றிக்கொண்டது. எங்கள் தெருவில் வந்த ஆட்டோ ஒலிபெருக்கி கடைசிவரை பழையதையே கத்தியது.

கொரோனாவின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக அதே நிறுவனம் 2022-இல் கணக்குச் சொன்னது. அதில் வைரஸ் கொடுத்தது எவ்வளவு, நாம் கொடுத்தது எவ்வளவு? மனநலம் என்றதும் ஆலோசகரையும் உதவி எண்ணையும் நினைக்கிறோம். வேண்டியதுதான், 14416-ஐ அழைத்தால் இன்று தமிழிலேயே பேசலாம். ஆனால் வலிக்கு ஆறுதல் சொல்வதற்கு முன்னால், வலிக்கச் செய்வதை நிறுத்த வேண்டாமா?

சாவு வீட்டில்தான் அதிகம் வலிக்கச் செய்தோம். 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கியது. நண்பரான இன்னொரு மருத்துவர் தானே மண்ணை அள்ளிப் போட்டுப் புதைத்தார். அடுத்த வாரமே அவசரச் சட்டம் வந்தது: தடுத்தால் 3 ஆண்டு வரை சிறை. நல்லது. ஆனால் கல் எறியாமலும் ஒரு கொடுமை நடந்தது. உடலை வைத்த பையின் முகப்பகுதியைத் திறந்து உறவினருக்குக் கடைசியாக ஒருமுறை காட்டலாம், உடலைத் தொடாத சடங்குகளைச் செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அந்த மார்ச்சிலேயே எழுதி வைத்திருந்தது. எங்கள் சித்தப்பா போனபோது இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கேட்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரியாது. "அந்தப் பைக்குள்ள இருந்தது அவருதானா?" என்று சித்தி இன்றைக்கும் கேட்கிறார்.

எங்கள் படிவத்தில் காய்ச்சலுக்கும் ஆக்சிஜனுக்கும் சர்க்கரைக்கும் கட்டம் இருந்தது. ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்க இல்லை. அடுத்த முறை அந்தக் கட்டத்தைச் சேருங்கள். எங்களை நாளுக்கொரு தெருவாக மாற்றினார்கள்; முகம் தெரியாதவளிடம் யார் வாய் திறப்பார்கள்? தனிமைக் காலம் முடியும்வரை ஒரே ஆள் ஒரே வீட்டுக்குப் போகட்டும். உதவி எண்ணை அழைக்கத் தெம்பில்லாதவர்கள் உண்டு. கேரளத்தில் 2020-இல் மனநலக் குழுவினர், தனிமையில் இருந்தவர்களைத் தாங்களே தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசினார்கள். இங்கேயும் முதல் நாளிலிருந்தே அதைச் செய்யலாம்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். தகரம் வாங்கப் பணம் இருந்ததே.